உடலற்ற முன்னிலை: மின்னணு நீதிமன்றம் குறித்துச் சில குறிப்புகள்

1

நீதிமன்றங்கள் நவீனமாகின்றன என்கிறார்கள். சொல்கிறவர் அமைச்சராக இருக்கட்டும், நீதிபதியாக இருக்கட்டும், மென்பொருள் நிறுவனத்துக்காரராக இருக்கட்டும், எல்லோரிடமும் இருப்பது ஒரே கதைதான். கதையின் வில்லன் பெயர் தாமதம். கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, கட்டுகளைக் கரையான் அரிக்கிறது, வாய்தா மேல் வாய்தா. இந்தத் தேக்கத்தை உடைக்க வருகிற கதாநாயகன் கணினி. 2005-இல் உச்சநீதிமன்றத்தின் மின்-குழு இதற்கான தேசியக் கொள்கையை வகுத்தது. 2007-இல் மின்-நீதிமன்றத் திட்டத்தின் முதல் கட்டம் தொடங்கியது. 2015-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு 1,670 கோடி ரூபாய். மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 7,210 கோடி ரூபாய். கதாநாயகனின் சம்பளம் படத்துக்குப் படம் ஏறுவது நமக்குப் பழக்கமான விஷயம்தானே.

இந்தக் கதையாடலை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் முதலில் கண்ணில் படுவது, அதில் ஆட்களே இல்லை என்பது. 'நிலுவை' இருக்கிறது, 'முடித்துவைப்பு' இருக்கிறது, 'சேவை' இருக்கிறது, 'பயனாளர்' இருக்கிறார். வழக்காடி, கைதி, சாட்சி, கொலையுண்டவனின் மனைவி இவர்களெல்லாம் கதைக்குள் வருவது எண்ணாக மட்டும். 2015-இல் தொடங்கப்பட்ட தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பைத் திறந்தால் எந்த மாவட்டத்தில் எத்தனை வழக்கு, எத்தனை ஆண்டாக நிலுவை என்று பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு வழக்கு முடிந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. நீதி கிடைத்து முடிந்ததா, சாட்சிகள் பிறழ்ந்து முடிந்ததா, ஊர்ப் பெரிய மனிதர்கள் மிரட்டி 'சமரசம்' செய்து முடிந்ததா என்பது பட்டையின் உயரத்தில் தெரியாது.

இப்படிச் சொன்னதும், 'அப்போ பழைய கோர்ட்டே நல்லா இருந்துச்சுங்கிறீங்களா?' என்று ஒரு கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். நம் வட்டாரத்தில் தொழில்நுட்பம் என்றாலே முகம் சுளிக்கிற ஒரு காந்தியப் பழக்கமும், தொழில்நுட்பம் என்றாலே விடுதலை என்று கைதட்டுகிற ஒரு மார்க்சியப் பழக்கமும் உண்டு. இரண்டும் சிந்திக்கிற வேலையை மிச்சப்படுத்தித் தருகின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. நான் கேட்க விரும்புவது வேறு. நீதிமன்றத்தில் 'முன்னிலை' என்கிற சொல்லுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது? யாருடைய உடல் யார் முன்னால் வந்து நிற்கவேண்டும் என்பதை இனி யார் தீர்மானிக்கிறார்கள்?

2

பழைய நீதிமன்றத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். போராட்ட வழக்கு ஒன்றில் கைதான நண்பர்களுக்காக ஒரு மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் பல நாட்கள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நீதிக்கு முன்னால் குமாஸ்தா இருக்கிறார். கட்டு காணவில்லை என்பார், கொஞ்சம் 'கவனித்தால்' கட்டு கிடைத்துவிடும். நகல் மனு போட்டால் நகல் எப்போது வரும் என்பது நகல் பிரிவுக்கே வெளிச்சம். டவாலி மூன்று முறை பெயரைக் கூவும்போது நீங்கள் டீக்கடையில் இருந்தால் போச்சு, வாரண்ட். ராமநாதபுரத்திலிருந்து ஒரு கிழவி பஸ் ஏறி மதுரைக்கு வந்து, பகல் முழுக்கக் காத்திருந்து, 'அடுத்த மாசம் வாங்கம்மா' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு திரும்புவாள். தகவல் என்பது அங்கே ஒரு சொத்து. அதை வைத்திருந்தவர்கள் யார், எந்தச் சாதிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வக்கீல்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே இன்று 16 இலக்க வழக்கு எண்ணைக் கைபேசியில் தட்டி அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று அந்தக் கிழவியின் பேத்தி பார்த்துச் சொல்ல முடிகிறது என்றால், அது சிறிய விஷயம் அல்ல. குமாஸ்தாவின் ஏகபோகத்தில் விழுந்த ஓட்டை அது. உச்சநீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும், உத்தரவு வந்துசேரவில்லை என்று சொல்லி ஆக்ரா மத்தியச் சிறையில் 13 பேரை விடுவிக்காமல் வைத்திருந்தார்கள். 2021-இல் உச்சநீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. அதன் விளைவாக, உத்தரவுகளை மின்னணு வழியில் நேரே சிறைக்கு அனுப்பும் ஏற்பாடு 2022 மார்ச்சில் வந்தது. ஒரு மனிதன் ஒரு நாள் முன்னதாக வெளியே வருவதைப் பின்நவீனத்துவம் பேசிக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை.

2018 செப்டம்பரில் விசாரணைகளை நேரலையில் காட்டலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையாயின. நீதிபதிகள் என்ன கேட்கிறார்கள், பெரிய வக்கீல்கள் என்ன மழுப்புகிறார்கள் என்பதை யாரும் பார்க்கலாம் என்றானது.

ஆக, காகிதமும் தகவலும் வேகமாகப் போவதில் நமக்கு ஒரு சண்டையும் இல்லை. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், காகிதத்துக்குச் சொன்ன நியாயத்தை அப்படியே ஆளுக்கும் சொல்லத் தொடங்கும்போது. கட்டு வரவேண்டாம், அதன் நகல் வந்தால் போதும். சரி. ஆள் வரவேண்டாம், அவனுடைய படம் வந்தால் போதும். இது சரியா?

3

1972-இல் பிரெஞ்சு மாவோயிஸ்டுகளுடன் மக்கள் நீதி குறித்து பூக்கோ ஒரு விவாதம் நடத்தினார். மாவோயிஸ்டுகள் மக்கள் நீதிமன்றம் அமைப்போம் என்றார்கள். பூக்கோ ஒரு மேசையைப் பற்றிப் பேசினார். நீதிமன்றம் என்றால் என்ன? ஒரு மேசை. அதன் பின்னால் சிலர், முன்னால் இரு தரப்பார். மேசையின் பின்னால் இருப்பவர்கள் எந்தத் தரப்பும் இல்லாதவர்கள், முன்னால் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு உண்மையைக் கண்டடைவார்கள் என்பதை அந்த மரச்சாமான் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறது. இடத்தின் அமைப்பிலேயே ஒரு கருத்தியல் இருக்கிறது என்பது அவர் வாதம். மக்கள் நீதி என்று சொல்லிவிட்டு மேசையை ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

இன்று மேசை திரையாகிவிட்டது. பூக்கோ மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? மேசை மறைத்ததைவிடத் திரை அதிகம் மறைக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவனால் குறைந்தபட்சம் அறையைப் பார்க்க முடிந்தது. போலீஸ்காரர் அரசு வழக்கறிஞரின் காதில் ஏதோ சொல்வதை, நீதிபதி தன் மனுவைப் புரட்டாமலே தள்ளுவதை, தன் அம்மா கதவருகில் நிற்பதை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் காண்பது கேமரா காட்டும் சதுரத்தை மட்டும். அவனுடைய பேச்சை நிறுத்த யாரும் 'சும்மா இரு' என்று அதட்டக்கூட வேண்டாம், ஒரு பொத்தான் போதும்.

அறைக்கும் மேசைக்கும் இருந்த அதிகாரம் ஒரு படத்துக்குள் போய்விட்டால், அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். 2024-இல் லூதியானாவின் ஜவுளித் தொழிலதிபர் ஒருவருக்கு மோசடிக் கும்பல் ஒன்று காணொளியில் உச்சநீதிமன்றத்தையே நடத்திக் காட்டியது. தலைமை நீதிபதி வேடத்தில் ஒருவர், விசாரணை, உத்தரவு எல்லாம். 7 கோடி ரூபாய் போனது. படித்தவர், செல்வந்தர், வயதில் மூத்தவர் நம்பினார் என்று சிரிக்கவேண்டாம். உண்மையான நீதிமன்றமும் அதே மாதிரிச் சதுரத்தில்தானே வருகிறது.

இந்த மாற்றத்துக்கான சட்டவாசகம் 2003-இலேயே எழுதப்பட்டுவிட்டது. மகாராஷ்டிர அரசுக்கும் ஒரு மருத்துவருக்கும் இடையிலான வழக்கு. வெளிநாட்டில் இருக்கும் சாட்சியைக் காணொளி வழியே விசாரிக்கலாமா என்பது கேள்வி. 'குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில்' சாட்சியம் பதிவுசெய்யப்பட வேண்டும் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டம். முன்னிலை என்றால் உடல் அங்கே இருப்பதுதான் என்று பொருள் இல்லை, காணொளியில் தெரிவது மெய்நிகர் அல்ல, மெய்யே என்றது உச்சநீதிமன்றம். அந்த வழக்கைப் பொறுத்தவரை அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். கடல் கடந்து வர மறுக்கும் சாட்சியின் சொல்லைப் பெற வேறு வழி இல்லை. மறு ஆண்டு 2004-இல் வந்தது இன்னொரு தீர்ப்பு: பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகள் குற்றவாளியின் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னிருந்து சாட்சி சொல்ல வழி செய்தது. அதையும் வரவேற்கிறேன். ஏனென்றால் முன்னிலை என்பது ஒன்றும் புனிதமானது அல்ல. சாட்சிக் கூண்டில் ஏறி, ஊர் ஆதிக்கசாதிக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து முறைக்க, நடந்ததைச் சொல்லவேண்டிய தலித் பெண்ணுக்கு அந்த அறை இன்னொரு வன்முறைக் களம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு வழக்கிலும் திரை யாருக்காக வந்தது? அரசின் பிடியில் இல்லாதவர்களுக்காக. வர முடியாதவருக்காக, வர அஞ்சுபவருக்காக. பிறகு அதே வாசகம் சிறைக்குள் போனது. அங்கே இருப்பவன் வரமுடியாதவன் அல்ல. கொண்டுவரப்பட வேண்டியவன்.

4

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. சிலம்பை நீதியின் பொற்காலமாக மேடைகளில் முழங்கிய மரபு எனக்கு உவப்பானது அல்ல. பார்ப்பனரையும் பசுவையும் விட்டுவிட்டு ஊரை எரிக்கச் சொல்லும் நெருப்பு அது. அதை மறக்காமலே அதில் இரண்டு விசாரணைகள் இருப்பதை வாசிக்கவேண்டும். நாம் வழக்குரை காதையை மட்டுமே விசாரணை என்று நினைத்துப் பழகிவிட்டோம். முதல் விசாரணை அதற்கு முன்பே, கொலைக்களக் காதையில், நடந்து முடிந்துவிட்டது.

அந்த முதல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவன் ஆஜராகவே இல்லை. ஊடிய அரசியைத் தேடி அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான் பாண்டியன். அவனுக்கு நேரம் இல்லை. வழியில் பொற்கொல்லன் விழுந்து வணங்கித் தகவல் சொல்கிறான். கள்வன் பிடிபட்டான், கையில் சிலம்பு இருக்கிறது. அரசன் கோவலனை அழைத்துவரச் சொல்லவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். பொருள் பொருந்தினால் போதும், ஆள் தேவையில்லை. இன்றைய மொழியில் சொன்னால், தரவு ஒத்துப்போனது.

அடுத்து வருகிற காட்சிதான் என்னைத் தொந்தரவு செய்வது. காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அரசனுக்கு வராத சந்தேகம் அவர்களுக்கு வருகிறது. அவர்கள் அரசனைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல. அவர்கள் முன்னால் ஓர் உடல் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தை அடக்கப் பொற்கொல்லன் ஒரு முழு உரையே ஆற்றவேண்டியிருக்கிறது. கள்வர்கள் மந்திரம் அறிவார்கள், மருந்து அறிவார்கள், காலமும் இடமும் கருவியும் அறிவார்கள், பார்வைக்கு நல்லவர்களாகவே இருப்பார்கள் என்று களவு நூலிலிருந்து எடுத்து விடுகிறான். ஓர் உடல் எழுப்பிய சந்தேகத்தை ஒரு சொல்லாடல் அமுக்குகிறது. அதற்குப் பிறகும் எல்லோரும் வாளை உருவவில்லை. ஒருவன் உருவினான். போதுமானதாக இருந்தது.

இரண்டாம் விசாரணையில் கண்ணகி வருகிறாள். வாயிற்காவலன் அவளுடைய தோற்றத்தைப் பார்த்து நடுங்கித்தான் உள்ளே போய்ச் சொல்கிறான். தலைவிரி கோலமும் கையில் ஒற்றைச் சிலம்புமாக அவள் நின்றதே பாதி வாதம். உள்ளே மணியா முத்தா என்பதை உடைத்துப் பார்த்தது அங்கேதான், எல்லோர் முன்னிலையிலும். முதல் விசாரணையில் உடைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எதற்கு உடைப்பது?

இளங்கோ மின்னணு நீதிமன்றத்தை முன்பே கண்டுவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தமாதிரிப் பெருமை பேசும் ஆட்களிடம் நமக்கு வேலையில்லை. நான் சொல்வது, பார்க்காமல் தீர்ப்பளிப்பதன் வசதியையும், பார்த்தால் வந்துவிடக்கூடிய சந்தேகத்தையும் அந்தப் பிரதி அறிந்திருக்கிறது. உடல் முன்னால் நிற்பது நீதியை உறுதிசெய்யாது. தீர்ப்பளிப்பவருக்கு ஒரு தடங்கலை உண்டாக்கும். அந்தத் தடங்கல்தான் கைதியின் ஒரே ஆயுதம்.

5

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. இது ஏதோ கையெழுத்துச் சடங்கு இல்லை. போலீஸ் கையில் இருந்த உடலைப் போலீஸ் அல்லாத ஒருவர் பார்க்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நொண்டுகிறானா, கை வீங்கியிருக்கிறதா, சட்டையில் ரத்தமா, உட்காரச் சொன்னால் உட்கார முடியாமல் நிற்கிறானா? 'அடிச்சாங்களா?' என்று கேட்டால், 'இல்லைங்க ஐயா' என்று சொல்லிக்கொண்டே பின்னால் நிற்கும் ஏட்டைப் பார்க்கிறானா? வாய் பொய் சொல்லும்போது உடல் உண்மையைச் சொல்லும் இடம் அது.

ஹேபியஸ் கார்பஸ் என்ற லத்தீன் தொடரிலேயே உடல் இருக்கிறது. தமிழில் அதற்கு ஆட்கொணர்வு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆள், கொணர்வு. ஆளைப் பற்றிய தகவல் கொணர்வு அல்ல. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், இந்த மனுவைக்கூடப் போட முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அந்தத் தீர்ப்பைத் தவறென்று நீதிமன்றமே ஒதுக்க 2017 ஆயிற்று.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு 2008-இல் ஒரு திருத்தம் வந்தது. முதல் முறையும், போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் ஆளை நேரில் நிறுத்தவேண்டும், நீதிமன்றக் காவல் நீட்டிப்புக்கு நேரிலோ காணொளியிலோ நிறுத்தலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 187-ஆம் பிரிவில், போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் நேரில் நிறுத்தவேண்டும் என்கிறது. இதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் நீதிமன்றக் காவல் நீட்டிப்புக்குத் திரை போதும். 251-ஆம் பிரிவின்படி குற்றச்சாட்டையே திரை வழியாக வாசித்துக் காட்டலாம். 530-ஆம் பிரிவு ஒரே வீச்சில் விசாரணை, புலனாய்வுக்குப் பிந்தைய நடவடிக்கை, மேல்முறையீடு எல்லாவற்றையும் மின்னணு முறையில் நடத்தலாம் என்கிறது.

இந்த 'லாம்' யாருடைய 'லாம்'? தமிழ் இலக்கணத்தில் 'லாம்' அனுமதியும் குறிக்கும், இயலுமையும் குறிக்கும். 530-இல் அனுமதி பெறுவது நிறுவனம். குற்றம் சாட்டப்பட்டவனின் சம்மதம் வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. 'நான் நேரில் வரவேண்டும்' என்று அவன் கேட்டால் என்ன என்பதற்கும் பதில் இல்லை.

சிறையிலிருந்து காணொளியில் காவல் நீட்டிப்பு எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காணொளி அறை சிறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் வார்டர். கைதிக்குச் சிறைக்குள் அடி விழுந்திருந்தால், அடித்தவரின் கட்டடத்தில், அடித்தவரின் சக ஊழியர் பக்கத்தில், அவர் இயக்கும் கேமராவுக்கு முன்னால் அவன் புகார் சொல்லவேண்டும். கேமரா நெஞ்சுக்கு மேல்தான் காட்டும். உள்ளங்கால் தெரியாது. லத்தி எங்கே விழும் என்பது நம் வாசகர்கள் பலருக்குச் சொந்த அனுபவம்.

வழிக்காவலுக்குப் போலீஸ் போதவில்லை, வண்டி இல்லை, செலவு, வழியில் தப்பிவிடுவார்கள் என்று காரணம் சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் நீதிமன்ற நாள் என்பது கைதிக்கு வெறும் கையெழுத்து நாள் அல்ல. வேனிலிருந்து இறங்கி வராந்தா வரை நடக்கும் அந்த முப்பது நாற்பது அடிக்குள்தான் அவன் பிள்ளையைப் பார்க்கிறான், மனைவி ஒரு பன் பாக்கெட்டைத் திணிக்கிறாள், வக்கீலிடம் யார் காதிலும் விழாமல் இரண்டு வார்த்தை பேசுகிறான். எந்தச் சட்டப்புத்தகத்திலும் எழுதப்படாத இந்த உரிமைகளைத் திரை சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டது. எழுதப்படாததால் பறிபோனதாக முறையிடவும் வழி இல்லை.

சாத்தான்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன், ஊரடங்கு நேரம். தந்தையும் மகனுமான இரண்டு வணிகர்கள் இரவெல்லாம் காவல் நிலையத்தில் வதைக்கப்பட்டார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனபோது அவர் மாடியில் நின்றபடியே தூரத்திலிருந்து பார்த்துக் காவலுக்கு அனுப்பினார் என்று அப்போது செய்திகள் வந்தன. கோவில்பட்டி கிளைச் சிறை. அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். மாடிக்கும் தரைக்கும் இடையே இருந்தது பத்துப் பதினைந்து அடி தூரம். சட்டத்தின் கண்ணில் அது நேரில் நிறுத்தியதுதான். அந்தத் தூரமே கொலைக்குப் போதுமானதாக இருந்தது என்றால், திரையின் தூரத்தை என்னவென்று சொல்வது?

இதே வழக்கில் இன்னொரு கேமராவும் இருக்கிறது. காவல் நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா. பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி அமைத்துவைக்கப்பட்டிருந்தன என்று விசாரணைக்குப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். வன்தட்டில் இடம் இருந்தது. நினைவில் வைக்கவேண்டாம் என்று யாரோ முடிவெடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் பாதுகாக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. அரசு உடலைக் கையாளும் இடத்தில் இயந்திரத்துக்கு ஞாபகமறதி. உடலை நேரில் பார்க்கவேண்டிய இடத்தில் இயந்திரம் போதும் என்கிறார்கள். நவீனமயமாதலின் அரசியல் எனக்கு இந்த இரண்டு கேமராக்களுக்கு இடையில்தான் தெரிகிறது.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழியாக 15ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதன் பத்தாவது உட்பிரிவு, இச்சட்டத்தின் கீழான எல்லா நடவடிக்கைகளையும் காணொளியில் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. 'லாம்' இல்லை, 'வேண்டும்'. பாதிக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து வந்த மின்னணு உரிமை இது. சாட்சியை வக்கீல் சாதி சொல்லி அவமானப்படுத்தினாலும், நீதிபதி சிரித்தாலும் பதிவில் இருக்கும். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு நடத்தும் தோழர்கள் தங்கள் நீதிமன்ற அறையில் அந்தக் கேமரா இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். பல ஆயிரம் கோடி செலவில் 'லாம்' எப்படி ஓடுகிறது, 'வேண்டும்' எங்கே நிற்கிறது என்பதை அதை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

6

மொழி பற்றிச் சுருக்கமாக. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டது. 348-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதற்கு இடம் தருகிறது. ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் இந்தி அப்படித்தான் நுழைந்தது. தமிழுக்கு 2012-இல் உச்சநீதிமன்றம் இல்லை என்றது. பிறகு 2019-இல் தீர்ப்புகளை மொழிபெயர்க்கும் ஒரு மென்பொருள் வந்தது. தீர்ப்பு இப்போது தமிழிலும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அடியில் ஒரு குறிப்பு: இது வழக்காடி புரிந்துகொள்வதற்கு மட்டும், அதிகாரபூர்வமானது ஆங்கிலப் பிரதியே. உரிமையாகக் கேட்டதைச் சேவையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நீ பேசலாம் என்று சொல்லவில்லை. உன்னைப் பற்றிப் பேசியதை உனக்குப் புரியவைக்கிறோம் என்கிறார்கள். சிறைத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவன் நிலையும் இதுதான்.

7

நான் சொல்லவந்ததைத் தொகுத்துக்கொள்கிறேன். திரை வேண்டும், வேண்டாம் என்று பொதுவாகப் பேசுவதில் பயன் இல்லை. யார் கையில் தேர்வு என்று கேட்கவேண்டும். சுதந்திரமாக நடமாடுகிறவருக்குத் திரை ஒரு வசதி. ராமநாதபுரத்துக் கிழவி வாய்தாவுக்கு வராமல் வீட்டிலிருந்தே பேசலாம். அஞ்சுகிற சாட்சி தானாகக் கேட்டால் திரைக்குப் பின்னால் நிற்கலாம். அரசு யாருடைய உடலைத் தன் கையில் வைத்திருக்கிறதோ அவர் விஷயத்தில் தேர்வு அரசுக்கோ நீதிமன்றத்துக்கோ இருக்கக்கூடாது. நேரில் வருவது அவர் உரிமை, திரையை ஏற்பது அவர் சம்மதம். அந்தச் சம்மதமும் வக்கீலோடு தனியாகப் பேசிய பிறகு கொடுத்ததாக இருக்கவேண்டும். 530-ஆம் பிரிவில் இந்த வாசகத்தைச் சேர்க்கவேண்டும் என்பது மனித உரிமை அமைப்புகள் வைக்கவேண்டிய கோரிக்கை.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. காணொளிக் காவல் நீட்டிப்பு நடக்கும்போது வக்கீல் நீதிமன்ற அறையில் மட்டும் இருந்தால் போதாது, சிறை முனையிலும் ஒருவர் இருக்கவேண்டும் என்று மனுப் போடலாம். கைதியை எழுந்து நிற்கச் சொல்லவும், நடக்கச் சொல்லவும், கேமராவைத் திருப்பச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டிடம் வற்புறுத்தலாம். மறுத்தால் மறுத்ததைப் பதிவுசெய்யச் சொல்லலாம். குடும்பத்தார் அந்தத் திரையைப் பார்க்க இடம் கேட்கலாம். டெல்லியில் அரசியல் சாசன அமர்வை நாடே பார்க்கிறது. ஒரு தாலுகா நீதிமன்றத்தில் அரை நிமிடத்தில் முடிந்துபோகும் காவல் நீட்டிப்பை அந்த ஆளின் அம்மா பார்க்க முடியாது என்றால், வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை மேலே இருப்பவர்கள் தங்களுக்காக மட்டும் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வராந்தாவைப் பற்றி நம் இலக்கியத்தில் நிறையவே உண்டு. சிறைக்குள் இருக்கும் அந்தக் காணொளி அறையைப் பற்றி, அதில் தன் முறைக்காகத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் படிக்கவில்லை. அங்கே போய்வந்தவர்கள் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.